மறியல் வீட்டுப் பாதை

காலை பத்து மணிபோலக் கம்பனி வான் மறியல் வீட்டை வந்தடைந்தது. முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று சொல்ல முடியாத கட்டிடம் அது. உவர்த்தரையின் நடுவே, இரண்டு மாடி உயரத்துக்குக் கடற்கல்லால் எழுப்பிய சுவர்கள். சுவர்களில் ஒரு கை நுழையும் அளவுக்கே சன்னல்கள். சுற்றிலும் உடைமரப் பற்றை. அதற்கப்பால் வெயிலில் கண்ணைக் கூசவைக்கும் வெள்ளைச் சேறு. கடல் தெரியவில்லை. அதன் இரைச்சல் மட்டும் திசை பிடிபடாமல் எல்லாப் பக்கமும் கேட்டுக்கொண்டிருந்தது.

வான் முழுதாக நிற்குமுன்னரே அஸ்னா கதவைத் திறந்து இறங்கிவிட்டாள். மூன்று மாதமாக அவளுக்கு வேறு நினைப்பில்லை.

முள்ளிக்குளத்துக்கு இப்பால், சங்குத்திடல் என்ற கடலோரச் சிற்றூரில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்தும் சின்னக் கிளினிக் இருந்தது. அங்கே பிரசவம் பார்க்கும் மருத்துவமாது உண்டு, டொக்டர் இல்லை. தொலைபேசியில் சிக்னல் ஒரு கோடு வந்தாலே பெரிய விஷயம். மாரியில் வெள்ளம் வீதியை மூடினால் மன்னார் ஆஸ்பத்திரி எட்டாத தூரம். போன வருடம் ஒரு பெண் உழவு இயந்திரப் பெட்டியில் கிடந்தபடியே பாதி வழியில் இறந்துபோனாள். அதற்குப் பிறகுதான் நிறுவனத்தார் அஸ்னா வேலை செய்யும் கம்பனியைத் தேடி வந்தார்கள். டொக்டரை ஆளாகக் கொண்டுவர முடியாவிட்டால், திரையிலாவது கொண்டுவர முடியுமா?

நல்ல இணையம் இருந்தது வடக்கே பதின்மூன்று கிலோமீற்றர் தள்ளி, பிரதான வீதியோரக் கூட்டுறவுக் கட்டிடத்தில். அங்கிருந்து கம்பி இழுக்கக் காடு விடாது. காற்று வழியாக அனுப்பலாம். ஒரு கட்டிடத்தின் உச்சியில் ஒரு டிஷ், மற்றதன் உச்சியில் இன்னொரு டிஷ். இரண்டும் ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்த்தால் போதும். ஆனால் நடுவே மணல்மேடு மறித்தது. பார்வை மறிபட்டால் சிக்னலும் மறிபடும். அந்தப் பதின்மூன்று கிலோமீற்றரிலும் இரண்டு முனையும் தெரியக்கூடிய உயரம் ஒன்றே ஒன்றுதான்: மறியல் வீட்டு மொட்டைமாடி. அங்கே இரண்டு டிஷ் பூட்டினால், ஒன்று வடக்கிலிருந்து வாங்கும், மற்றது தெற்கே கொடுக்கும்.

அவளுக்குச் சொந்தக் காரணமும் இருந்தது. அவளுடைய ராத்தா, மூத்தவள் ஸஹ்றா, சங்குத்திடலில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். இப்போது ஏழு மாதம். முதல் இரண்டும் தங்கவில்லை.

“என்ன பிள்ளை, பறக்கிறீங்கள்? கட்டிடம் எழும்பி ஓடாது” என்றார் அமிர்தநாயகம். அவளோடு வேலை செய்பவர், ஐம்பதைக் கடந்தவர். இருபது வருடமாகத் தொலைத்தொடர்புக் கோபுரம் ஏறுகிறவர். கழுத்தில் செபமாலையும் இடுப்பில் பாதுகாப்புப் பட்டியும் இல்லாமல் அவரை யாரும் கண்டதில்லை.

“மழை வரமுதல் முடிக்கோணும், அமிர்தண்ணை.”

உள்ளே இருள் குளிர்ந்து கிடந்தது. பழைய சுண்ணாம்பின் வாசம். அதற்குக் கீழே இன்னொரு வாசம், புளித்த கஞ்சியைப்போல. நடைக்கு இரு புறமும் அறைகள். கனத்த முதிரைக் கதவுகள் எல்லாம் சாத்தியபடி. ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு போன அமிர்தநாயகம் ஒரு கதவின் முன்னால் நின்றார்.

“தாழ்ப்பாளைப் பாருங்கோ, பிள்ளை.”

“ஏன்?”

“வெளிப்பக்கம் கிடக்கு.”

எல்லாக் கதவிலும் அப்படித்தான் இருந்தது.

அஸ்னா வாய்க்குள் ‘பிஸ்மில்லாஹ்’ சொல்லிக்கொண்டு படியேறினாள். மேலே வெயிலும் உப்புக்காற்றும். சோலர் தகடு, பற்றரிப் பெட்டி, இரண்டு டிஷ் எல்லாம் ஏறி முடியவே ஒரு மணி நேரம் போனது. வடக்கு டிஷ் உடனே பிடித்துக்கொண்டது. தெற்கு டிஷ்தான் பொறுமையைச் சோதித்தது. அமிர்தநாயகம் ஆணியைத் தளர்த்தி மயிரிழை மயிரிழையாகத் திருப்ப, அவள் லப்டொப்பைப் பார்த்து எண்களைச் சொன்னாள். அந்த எண்கள் மைனஸில் வரும். தொண்ணூறு என்றால் செத்த சிக்னல். அறுபது என்றால் உயிர்.

“எண்பத்தி நாலு... எழுபத்தேழு... இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்... அறுபத்தெட்டு... அறுபத்தொண்டு! அதில வைச்சுப் பூட்டுங்கோ!”

ஆணி இறுகிய அதே நேரம் கீழ்த்தளத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. நெடுநேரம் அடக்கி வைத்த மூச்சைப் பல பேர் ஒன்றாக விட்டதுபோல.

“கேட்டதோ?” என்றார் அமிர்தநாயகம்.

“காத்து.”

சொல்லிவிட்டுத் தன் தோளைப் பார்த்தாள். அவள் போட்டிருந்த சால்வையின் நுனி அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

*

முதல் ஒன்பது நாளும் ஒரு குறையும் இல்லை. மன்னாரில் இருந்த லேடி டொக்டர் திரையில் வந்தார். சங்குத்திடல் பெண்கள் முதலில் வெட்கப்பட்டு, பிறகு வரிசையில் இடம்பிடித்தார்கள். ஸஹ்றாவின் இரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு டொக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். “டிவிக்குள்ள இருந்து ஏசுறா” என்று ராத்தா சிரித்தாள்.

அஸ்னாவின் தொலைபேசியில் சிக்னலின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் இரண்டு கோடுகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று வடக்குப் பாதை, மற்றது தெற்குப் பாதை. மன்னார் உப்புக்குளத்து வீட்டில் சோறு பிசைந்த கையோடும் அதைத் திறந்து பார்ப்பாள். இரண்டும் நூல் பிடித்ததுபோல நேராக ஓடினால்தான் அடுத்த பிடி இறங்கும்.

பத்தாம் நாள் மதியம் பன்னிரண்டு பத்துக்குத் தெற்குக் கோடு விழுந்தது.

பட்டென்று அறுந்து விழவில்லை. அறுபத்தொன்று, அறுபத்தாறு, எழுபத்திரண்டு, எண்பது என்று மெல்ல மெல்ல இறங்கியது. யாரோ டிஷ்ஷுக்கு முன்னால் வந்து நின்றால் எப்படி விழுமோ அப்படி. நான்கு நிமிடம். பிறகு பழையபடி ஏறிவிட்டது.

வெக்கையாக இருக்கும் என்று நினைத்தாள். அடுத்த நாளும் பன்னிரண்டு பத்து. ஏதாவது பெரிய பறவையாக இருக்கும். மூன்றாம் நாளும் பன்னிரண்டு பத்து. நான்காம் நாள் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு தரம் விழுந்தது.

அன்று பின்னேரம் மருத்துவமாது கிறேஸ் அழைத்தாள்.

“மத்தியானத்தில மட்டும் படம் ஒருக்கா நிக்குது, அஸ்னா. அது பெரிசில்லை. இன்னொரு கதை கேக்கட்டோ? இஞ்ச தண்ணி நிக்குதில்லை.”

“பைப்பிலயோ?”

“குடத்தில. காலமை நிரப்பி மூடி வைக்கிறன். ஒரு மணிக்குத் திறந்தா உள்ள காஞ்சு கிடக்கு. ஒழுகின ஈரமும் இல்லை. ஆர் குடிக்கினம் எண்டு தெரியேல்லை.”

அஸ்னாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மறுநாளே வானை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்கள். அமிர்தநாயகத்தை மறியல் வீட்டில் இறக்கிவிட்டு அவள் கிளினிக்குக்குப் போனாள். அங்கே அவள் வைத்த இணையம் வழியாகத்தான் அவரோடு பேசமுடியும். அதாவது, பேச்சும் அந்தப் பாதையால்தான் வரவேண்டும்.

கிறேஸும் அவளும் முற்றத்துக் கம்பத்தடியில் நின்றார்கள். வெயில் தலையில் இறங்கியது. பன்னிரண்டு ஐந்து.

“பாதை வெளி, பிள்ளை” என்றார் அமிர்தநாயகம் தொலைபேசியில். “ஒரு காகமும் இல்லை.”

“நீங்கள் எங்க நிக்கிறீங்கள்?”

“தெற்கு டிஷ்ஷுக்குப் பக்கத்தில. கைப்பிடிச் சுவரோட.”

பன்னிரண்டு பத்து. அறுபத்தொன்று. அறுபத்து நாலு.

“விழுது, அமிர்தண்ணை. முன்னால ஆரும் வந்தவையோ?”

“ஒருத்தரும்...” பேச்சு அப்படியே நின்றது.

“அமிர்தண்ணை?”

“டிஷ்ஷில நிழல் விழுது” என்றார். குரல் சுருங்கியிருந்தது.

“என்ன நிழல்?”

“தலை. ரெண்டு தோள்.”

“உங்கட நிழலாக்கும்.”

“நான் பக்கத்தில நிக்கிறன், பிள்ளை. வெயில் முன்னால இருந்து அடிக்குது. நிழல் விழுறதெண்டா சுவருக்கு வெளியில ஆள் நிக்கோணும்.” மூச்சு வாங்கினார். “சுவருக்கு வெளியில நிலம் இல்லை.”

எழுபத்திரண்டு.

“போகுது” என்று கிசுகிசுத்தார். “உங்கட பக்கமாப் போகுது. இப்ப... இன்னொண்டு வந்து நிக்குது.”

எழுபத்தெட்டு. அவருடைய குரல் துண்டு துண்டாக உடைந்தது. அந்த உடைசலுக்கு நடுவே, காதுக்கு மிக அருகில், வறண்ட இன்னொரு குரல் கேட்டது.

“தண்ணி குடுங்க, சாமி.”

அழைப்பு அறுந்தது.

கிறேஸ் அவளுடைய கையைப் பிடித்தாள். அவர்களுக்குப் பின்னால், ஆளில்லாத கிளினிக்குக்குள், குடத்து மூடியில் யாரோ தண்ணீர் குடிக்கும் பேணியை வைத்த சத்தம்.

*

திரும்பும் வழியில் அமிர்தநாயகம் வானை ஓட்டினார். உயிலங்குளம் கடந்ததும், வீதியைப் பார்த்தபடியே சொன்னார்.

“எங்கட அப்பு சொல்லுவார், நான் நம்பினதில்லை. அந்தக் காலத்தில மலைநாட்டுத் தோட்டங்களுக்கெண்டு இந்தியாவில இருந்து சனம் வள்ளத்தில வந்து இறங்கி, இந்தக் கரையால கால்நடையாப் போறது. வழியில வாந்திபேதி கண்டா, இதுக்குள்ள மறியல்ல போட்டுப் பூட்டிறது. ஊருக்குள்ள வரப்படாது. கிணத்தைத் தொடப்படாது. கடைசியாப் பூட்டினவன் திறக்க வரேல்லையாம்.”

“இவ்வளவு காலமும் அங்கயேவோ?”

“எங்கால போறது? நாலு பக்கமும் மறிச்சுக் கிடக்கு. நாங்கள்தான் இப்ப மேலால ஒரு பாதை போட்டுக் குடுத்திட்டம்.” அவர் ஸ்ரியரிங்கை இறுகப் பிடித்தார். “கழட்டுவம், பிள்ளை. நாளைக்கே.”

கழற்றத்தான் வேண்டும். அது அவளுக்கும் தெரிந்தது. ஆனால் கார்த்திகை பிறந்துவிட்டது, தெற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது, ராத்தாவுக்கு இன்னும் சில கிழமைதான்.

“ராத்தா பெத்து எழும்பட்டும்” என்றாள். “அண்டைக்கே கழட்டுவம்.”

“நான் இனி அதில ஏறமாட்டன்.”

“ஏறவேண்டாம், அண்ணை. கழட்ட நான் ஏறுறன்.”

அதன் பிறகு அவள் இரவில் ஆயத்துல் குர்ஸி ஓதிவிட்டுப் படுத்தாள். பகலில் பன்னிரண்டு மணி நெருங்கும்போதெல்லாம் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். கோடு ஒவ்வொரு நாளும் விழுந்தது. ஒரு நாள் மூன்று தரம். ஒரு நாள் ஐந்து தரம்.

*

மழை தொடங்கியபோது அவள் சங்குத்திடலில் ராத்தா வீட்டில் நின்றாள். நாள் கணக்காக விடாமல் பெய்தது. இரண்டாம் நாளே வீதி காணாமல் போனது. கடலில் வள்ளம் இறக்க முடியாத அலை. நான்காம் நாள் விடிய, நாளுக்கு முன்னதாகவே ஸஹ்றாவுக்கு வலி கண்டது. அவளுடைய புருஷன் அஸாம் அவளைத் தூக்கி உழவு இயந்திரத்தில் வைத்து, முழங்காலளவு தண்ணீருக்குள்ளால் கிளினிக்குக்குக் கொண்டுவந்தான்.

பதினொன்றரைக்குப் பெண் குழந்தை பிறந்தது. சின்ன உடம்பு, பெரிய சத்தம். அஸாம் விறாந்தையில் நின்று அழுதான். கிறேஸ் குழந்தையைத் துடைத்துச் சுற்றி அவனுடைய கையில் கொடுத்து, “வீட்டை கொண்டுபோய் உம்மாட்டக் குடுங்கோ, இஞ்ச குளிர்” என்று அனுப்பிவிட்டாள்.

பிறகுதான் கிறேஸின் முகம் மாறியது.

“டொக்டர், இரத்தம் நிக்குதில்லை.”

திரையில் டொக்டர் கதிரையை முன்னுக்கு இழுத்தார். “ஊசி போட்டாச்சோ?”

“போட்டிட்டன். கருப்பை இறுகுதில்லை.”

“சரி. பயப்பிடாதேங்கோ. நான் சொல்லச் சொல்லச் செய்யுங்கோ. முதல் கையுறையை மாத்துங்கோ. வலக்கையை...”

படம் நடுங்கியது.

அஸ்னா மூலையில் கிடந்த லப்டொப்பைப் பார்த்தாள். அறுபத்தைந்து. சுவர் மணிக்கூட்டில் பன்னிரண்டு பத்து.

“...உள்ள... முட்டியாப் பொத்தி... மற்றக் கையால மேல...”

எழுபத்திரண்டு. எழுபத்தாறு.

“டொக்டர், கேக்கேல்லை!” கிறேஸ் கத்தினாள். “மேல எங்க? எங்க பிடிக்கிறது?”

டொக்டரின் முகம் திரையில் அப்படியே உறைந்து நின்றது. வாய் பாதி திறந்தபடி. ஸஹ்றாவின் உதடு வெளுத்துக்கொண்டு வந்தது. கட்டிலின் கீழே சொட்டுச் சத்தம் கேட்டது.

உறைந்த அந்த வாயிலிருந்து வேறு குரல்கள் வந்தன.

“தண்ணி... சாமி, தண்ணி...”

ஒன்றல்ல. ஆணும் பெண்ணும். கடைசியாக ஒரு பெண் குரல், கெஞ்சலாக:

“எனக்கு வேணாம். புள்ளைக்கு மட்டும் ஒரு வாய்.”

கிறேஸ் திரையை வெறித்தபடி “இயேசுவே” என்றாள். அஸ்னா கதவைத் திறந்துகொண்டு விறாந்தைக்கு ஓடினாள்.

சாரல் அடித்து விறாந்தைச் சீமெந்து முழுதும் நனைந்து பளபளத்தது. அந்த ஈரத்தின் மேல் காலடிகள் இருந்தன.

காய்ந்த காலடிகள்.

ஈரத் தரையில், பாதம் வைத்த இடம் மட்டும் வெளிறி, உப்புப் பூத்துக் காய்ந்திருந்தது. முற்றத்துக் கம்பத்தடியிலிருந்து வரிசையாக வந்து, வாசற்படியோடு நின்றிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே படிக்குக் கீழே இன்னொரு பாதம் காய்ந்தது.

ஓடவேண்டும்போல இருந்தது. உள்ளே ராத்தா முனகினாள்.

அந்த முனகல்தான் அவளை அசைத்தது. குசினிக்குள் போய்க் கைக்கு வந்ததையெல்லாம் தூக்கினாள். குடம், வாளி, அண்டா, சோற்றுப் பானை, பேணிகள். தொட்டியில் மொண்டு மொண்டு விறாந்தை ஓரத்தில், சாரல் படாத சுவரோடு வரிசையாக வைத்தாள். கடைசியாக ஒரு சின்னப் பேணியை நிரப்பி, எல்லாவற்றுக்கும் முன்னால், படியோரத்தில் வைத்தாள்.

“இந்தாங்கோ” என்றாள், யாரையும் பார்க்காமல். “வடிவாக் குடியுங்கோ. ஆரும் மறிக்கமாட்டினம். இது பிள்ளைக்கு. குடிச்சிட்டு வழியை விடுங்கோ. எங்கட ராத்தா சாகப்போறா. அல்லாவுக்காக வழியை விடுங்கோ.”

மழைச் சத்தம் மட்டும்.

பிறகு, மழைக்குக் கீழே, தொண்டைகளின் சத்தம். மிடறு மிடறாக. ஆவலாக.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“...தொப்புளுக்குக் கீழ, நல்லா அமத்திப் பிடியுங்கோ!” உள்ளே டொக்டரின் குரல் தெளிவாக ஒலித்தது. “ஓம், அங்கதான். ரெண்டு கையும் ஒண்டையொண்டு அமத்தோணும். விடாதேங்கோ. எண்ணுங்கோ, மிஸ், என்னோட சேர்ந்து எண்ணுங்கோ.”

கிறேஸ் எண்ணினாள். கை சோர்ந்தபோதும் விடாமல் எண்ணினாள். இருபதாவது நிமிடத்தில் அவளுடைய குரல் உடைந்தது.

“இறுகுது, டொக்டர். நிண்டிட்டுது.”

லப்டொப்பில் அறுபத்தொன்று.

பின்னேரம் அஸ்னா விறாந்தைக்குப் போய்ப் பார்த்தாள். பாத்திரங்கள் எல்லாம் வெறுமையாக இருந்தன. ஒரு சொட்டு ஈரம் இல்லை. அண்டாவின் அடியில் விரலை வைத்தாள்; அடுப்பிலிருந்து இறக்கியதுபோலச் சுட்டது.

முன்னால் வைத்த சின்னப் பேணி மட்டும் நிரப்பி வைத்த தண்ணீரோடு அப்படியே இருந்தது.

*

மறுநாள் பன்னிரண்டு பத்துக்கு முதன்முறையாகத் தெற்குக் கோடு விழவில்லை. வடக்குக் கோடு விழுந்தது. மறியல் வீட்டிலிருந்து மற்றப் பக்கம், பிரதான வீதியை நோக்கி. குழிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சீப்புப் பற்களைப்போல வந்தன. அஸ்னா எண்ணினாள். இருபத்து நான்கு.

அதன் பிறகு இரண்டு கோடும் நேராக ஓடின. ஒரு கிழமை. இரண்டு கிழமை. ஒரு மாதம். கிளினிக் குடத்தில் தண்ணீர் நின்றது.

வெள்ளம் வற்றியபின் அவள் அமிர்தநாயகத்தைக் கூட்டிக்கொண்டு மறியல் வீட்டடிக்குப் போனாள். அவர் வானை விட்டு இறங்கவில்லை.

“கழட்டுறதெண்டனீங்கள்.”

“போயிட்டினம், அண்ணை. ராத்தாவின்ர உயிர் இந்தப் பாதையால வந்தது. இனி வாற வெள்ளத்துக்கு வேற ஆரின்ரையோ உயிர் வரவேணும்.”

அவர் கனநேரம் அந்தக் கட்டிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “உங்கட இஷ்டம்” என்று மட்டும் சொன்னார்.

அப்படியே விட்டுவிட்டார்கள்.

மாசி மாதம், ஒரு புதன்கிழமை, மதியம் பன்னிரண்டு மணி கடந்ததும் அவளுக்கு ஒரு அழைப்பு வந்தது. தெரியாத இலக்கம், தெரியாத ஆண் குரல்.

“வணக்கம் மிஸ். மாத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்துல இருந்து பேசுறேன். இங்க ஆஸ்பத்திரிக்கும் ஆபீஸுக்கும் நடுவுல டிஷ் போட்டிருக்கோம். சாமான் வாங்குற கடையில உங்க நம்பர் குடுத்தாங்க. நீங்க தூரத்துக்கெல்லாம் போட்டவங்களாமே.”

“ஓம், சொல்லுங்கோ.”

“முந்தாநாள் பன்னெண்டு மணிபோல லிங்க் விழுந்து விழுந்து எந்திரிச்சது, மிஸ். ஏறிப் போய்ப் பார்த்தேன்.” அவன் தயங்கினான். “நீங்க சிரிக்கக் கூடாது. டிஷ் மேல நெழலு. ஒண்ணு போக ஒண்ணு. ஆளுங்க குடியிருக்கிற லயத்துப் பக்கமா எறங்கிப் போச்சு. அன்னைக்கு லயத்துல எந்த வீட்டுக் கொடத்துலயும் தண்ணி இல்ல.”

அஸ்னா சுவரில் சாய்ந்தாள். பயத்தோடு பயமாக, நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எத்தனையோ காலத்துக்குப் பிறகு, போக வந்த இடத்துக்கு.

“பயப்பிடாதேங்கோ” என்றாள். “தண்ணி வையுங்கோ. ஒண்டும் செய்யமாட்டினம். இருபத்தி நாலு பேர்.”

மறுமுனையில் அவன் திருத்தினான்.

“இருபத்தி மூணு, மிஸ்.”

“என்ன?”

“நான் எண்ணினேன். லயத்துக்கு எறங்குனது இருபத்தி மூணு. கடைசி ஒண்ணு வந்து நின்னுச்சு, எறங்கல. பொம்பளை நெழலு. இடுப்புல புள்ளையைத் தூக்கி வச்சிருக்கிற மாதிரி ஒரு கை. ஆனா கையில ஒண்ணும் இல்ல, மிஸ். கொஞ்ச நேரம் நின்னு பார்த்துட்டு, வந்த வழியே திரும்பிடுச்சு.”

அவன் இன்னும் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தான். அஸ்னா தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்து, கோடுகளைத் திறந்தாள்.

முந்தாநாள் ஒன்றும் இல்லை. நேற்று வடக்குக் கோட்டில் ஒரேயொரு குழி.

இன்று, இப்போது, தெற்குக் கோடு விழத் தொடங்கியிருந்தது.

இன்று புதன். சங்குத்திடலில் தடுப்பூசி நாள். ராத்தா குழந்தையோடு கிளினிக்கில் இருப்பாள்.

வீடியோ அழைப்பை அழுத்தினாள். கிறேஸ் எடுத்தாள். “என்ன அஸ்னா, இந்த நேரத்தில? ராத்தாவோ? இந்தா, ஊசி போட்டு வாங்கில இருக்கிறா. பிள்ளை நித்திரை” என்று தொலைபேசியை அந்தப் பக்கம் திருப்பினாள். சுவரோரம் நீள மர வாங்கு தெரிந்தது. ஸஹ்றா அலுப்பில் சுவரில் தலை சாய்த்துக் கண்மூடியிருந்தாள். மடியில் குழந்தை.

“கிறேஸ், பிள்ளையைத் தூக்குங்கோ! உடன தூக்குங்...”

படம் உறைந்தது.

எழுபது. எழுபத்தெட்டு. எண்பத்திரண்டு.

உறைந்த படத்தை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். சாய்ந்த தலை, மூடிய கண்கள், வெள்ளைத் துணிக்குள் சின்ன முகம். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். சுற்றிவரச் சுற்றிவர நடந்தாள். ஓத வாயெடுத்தாள், வசனம் வரவில்லை. மூன்று நிமிடம்.

நான்கு.

கோடு மேலே ஏறியது. படம் அசைந்தது.

எல்லாம் அப்படியேதான் இருந்தது. வாங்கில் ராத்தா, மடியில் குழந்தை. குழந்தை விழித்திருந்தது. அழவில்லை. உதட்டை நக்கிக்கொண்டு, தனக்கு மேலே வெறும் காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஸஹ்றா கண் திறந்து குனிந்தாள். குழந்தையின் நாடியில் வழிந்த ஈரத்தைத் துடைத்தாள். விரலைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, கொஞ்சம் கோபமாக, கிறேஸைக் கேட்டாள்.

“ரெண்டு மாசப் பிள்ளைக்கு ஆர் மிஸ் தண்ணி பருக்கினது?”